இரண்டாவது பட்டன்

காலை ஒன்பதே முக்காலுக்கு வந்ததும் ரோஸி முதலில் செய்வது, மூலையில் இருக்கும் பழைய கணினியைப் போட்டு, அது சேமித்து வைத்திருக்கும் எல்லாவற்றையும் அழிப்பது. அழித்துவிட்டேன் என்று அது சொன்னாலும் நம்ப மாட்டாள். அதை அணைத்து, உள்ளே விசிறிச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து, மறுபடியும் போடுவாள். பிறகு அந்த ஒரு பக்கத்தைத் திறப்பாள். சாம்பல் நிறக் கட்டங்களுக்குள் முகங்கள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பாள். முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதுவரை நாங்கள் யாரும் அவளிடம் பேசுவதில்லை. அதற்கு அடுத்துத்தான் அவள் டிபன் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பாள்.

எங்கள் அலுவலகம் தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது. பதினோரு பேர். அரசு அலுவலகங்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பது தொழில். உரிமையாளர் சுப்பராயன். தளங்களில் வரும் வாசகங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்பது என் வேலை. செய்து முடித்ததைச் சோதித்துப் பார்த்து, சரி என்றோ இல்லை என்றோ தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது ரோஸியின் வேலை.

அரசு அலுவலகங்களில் கணினி பழையதாக இருக்கும். அதற்குள் இருக்கும் பிரவுசர் அதைவிடப் பழையதாக இருக்கும். செய்த கம்பெனியே கைகழுவிவிட்ட பிரவுசர்களில் இன்னும் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அவற்றிலும் தளம் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் ரோஸியின் மூலையில் அந்தக் கணினி இருந்தது. பின்பக்கம் வீங்கிய திரை, பழுத்துப்போன விசைப்பலகை.

ரோஸிக்கு முப்பத்தாறு வயது. பெசன்ட் நகரில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குப்பத்தில் பிறந்து, இன்றும் அங்கேயே இருக்கிறாள். பள்ளி முடித்ததும் அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். வருபவர்களுக்கு ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், தேர்வு விண்ணப்பம் என்று நிரப்பிக் கொடுக்கும் வேலை. எந்தத் துறையின் தளம் எந்த இடத்தில் நகராமல் தொங்கும், எங்கே பாதி எழுத்து மறையும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒரு நாள் சுப்பராயன் ஏதோ அவசரத்துக்கு அங்கே வந்து, தன் கம்பெனி செய்த தளத்திலேயே ஒரு விண்ணப்பம் போட முயன்றிருக்கிறார். முக்கால் மணி நேரம் போயிருக்கிறது. ரோஸி பக்கத்தில் வந்து நின்று, "விடுங்க சார், இது போவாது. இத செஞ்சவங்க ஒரு நாளாவது இந்த நாற்காலில உக்காந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றிருக்கிறாள். அடுத்த மாதம் அவள் எங்கள் அலுவலகத்தில் இருந்தாள். இந்தக் கதையைச் சுப்பராயன் புது வாடிக்கையாளர் எல்லோரிடமும் சொல்வார். ரோஸி அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் அதிகம் பேசுவதில்லை. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அண்ணன் ஏசுராஜ் கட்டுமரத்தில் போனவன் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் மூன்று நாள் கழித்துக் கோவளம் பக்கம் ஒதுங்கியது. இதை அவள் என்னிடம் சொன்னது ஒரு நவம்பர் மாதம், கல்லறைத் திருநாளுக்கு விடுப்புக் கேட்ட அன்று. "எல்லாரும் அவங்கவங்க கல்லறைய கழுவி, பூ வெச்சு, மெழுகுவத்தி கொளுத்துவாங்க. எங்களுக்குக் கல்லறை கெடையாது. நடுவுல ஒரு பெரிய சிலுவ இருக்கும், அது அடியில ஏத்திட்டு வந்துடுவோம். அங்க எங்கள மாதிரி நெறைய பேர் நிப்பாங்க" என்றாள்.

சென்ற ஆண்டு எங்களுக்கு வந்த வேலை, அடையாளம் தெரியாமல் இறந்தவர்களின் பட்டியல். சாலையில், ரயில் பாதையில், கால்வாயில் கிடைக்கும் உடல்களைப் படம் எடுத்து, எண் கொடுத்து, வயது, உயரம், உடை, எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதையெல்லாம் ஏற்றுவார்கள். யாரையாவது தேடி வருகிறவர்களுக்குக் காவல் நிலையத்திலோ மருத்துவமனையிலோ அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்கள். பொதுமக்கள் தாங்களாகத் திறக்க முடியாது. அலுவலகக் கடவுச்சொல் வேண்டும். ஏற்கெனவே ஒரு தளம் இருந்தது. அதைப் புதிதாக, வேகமாகத் திறக்கும்படி செய்து தருவதுதான் எங்கள் வேலை.

ரோஸி ஜூன் கடைசியிலிருந்து இரண்டு வாரம் அதைச் சோதித்தாள். ஜூன் முப்பதுவரை ஏறியிருந்த படங்களின் நகல் எங்களிடம் இருந்தது. பழைய கணினியில் பக்கத்தைத் திறந்து, எழுத்து சரியா, படம் சரியா, நிறம் சரியா என்று தினமும் பார்த்தாள். ஜூலை பதினொன்றாம் தேதி தாளில் எழுதினாள்: 'பழைய பிரவுசர். படங்கள் எல்லாம் தெரிகின்றன. சரி.' கீழே கையெழுத்து. பதினாலாம் தேதி, திங்கட்கிழமை, புதுத் தளம் பயன்பாட்டுக்குப் போனது.

அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சுப்பராயன் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"ஒப்பந்தத்தப் புதுப்பிக்கறாங்க. இந்தப் பழைய பிரவுசர் வரிய எடுத்துடலாம்னு இருக்கேன். ஒவ்வொரு மாத்தத்தையும் ரெண்டு தடவ செய்ய வேண்டியிருக்கு. ஹபீப், அத சொல்லு."

ஹபீபுர் ரஹ்மான் தளங்களை எழுதுகிறவன். ரோஸியைச் சீண்டாமல் அவனுக்குப் பொழுது போகாது. "தளத்துக்கு யார் யார் வர்றாங்கன்னு வருகைப் பதிவ எடுத்துப் பாத்தேன் சார். மூணு மாசமா பழைய பிரவுசர்ல வர்றது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மத்தவங்க எல்லாம் புதுசுக்கு மாறிட்டாங்க. அந்த ஒண்ணு யாருன்னு சொல்லணுமா?" என்று மூலையைக் காட்டினான். "ரோஸிக்காவோட பேய்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸி சிரிக்கவில்லை.

"என் கம்ப்யூட்டர் சோதன சர்வருக்குத்தான் போகும். வெளிய இருக்கற தளத்துக்குப் போகாது. எத்தன மணிக்கு வருது?"

ஹபீபுர் பார்த்தான். "காலைல பத்து இருபதுக்கு ஆரம்பிக்குது. ஒரு மணிக்கு நிக்குது. ரெண்டேகாலுக்குத் திரும்ப வருது. நாலே முக்காலுக்குக் கட். ஞாயித்துக்கெழம லீவு."

"பேய்க்கு லஞ்ச் டைம் இருக்காடா?" என்றாள் ரோஸி. "அது ஒரு ஆபீஸு."

"ஒரு ஆளுதானே ரோஸி" என்றார் சுப்பராயன்.

"ஒரு கம்ப்யூட்டர் சார். ஆள் எத்தனன்னு அதுல எழுதியிருக்கா? நான் ஒரு கம்ப்யூட்டர்ல உக்காந்து ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு எழுதிக் குடுத்திருக்கேன்."

தீபாவளி முடிந்து வரும்வரை அவளுக்கு நேரம் கொடுத்தார். அது யாரென்று கண்டுபிடித்தால் பார்க்கலாம், இல்லையென்றால் வரியை எடுத்துவிடலாம் என்றார். துறை அலுவலகத்துக்கு இரண்டு நாள் போன் செய்து ரோஸி அந்த இணைப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டாள். நகரத்துக்குள் ஒரு அரசு மருத்துவமனை. அங்கே பிணவறையை ஒட்டிய பதிவேட்டு அறை. தீபாவளிக்கு மறுநாளைக்கு மறுநாள், புதன்கிழமை, என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். துறைக்கு அறிக்கை எழுத வேண்டியது நான் என்பதால்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. மருத்துவமனையின் பின்வாசலில் ஒரு டீக்கடை, மாலைக் கடை. உள்ளே நீளமான தாழ்வாரத்தின் கடைசியில் அந்த அறை. கண்ணாடி இல்லாத கவுன்டர். அதற்குப் பின்னால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர், முழுக்கைச் சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷரஃபுதீன், பதிவேட்டு எழுத்தர். அவர் முன்னால் ரோஸியுடையதைப் போலவே ஒரு கணினி.

ரோஸி வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பரவால்லியே, என்னையும் தேடிக்கினு ஆள் வருதே. இத மாத்தித் தர்றோம்னு ஆறு வருஷமா சொல்றாங்க மேடம். மாத்த முடியாது. செத்தவங்க ரெஜிஸ்டர் இந்தப் பழசுலதான் தெறக்கும். புதுசு போட்டா ரெஜிஸ்டர் தெறக்காது. ரெஜிஸ்டர் தெறக்கலன்னா ஒரு பாடியும் வெளிய போவாது. அப்புறம் உள்ள எடம் கெடையாது. நாந்தான் போய்ப் படுத்துக்கணும்."

அப்போது கவுன்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பதை நெருங்கும் வயது. முழங்கைவரை நனைந்திருந்தாள். கையில் ஒரு துணிக்கடைப் பை.

"இன்னா பாய், இன்னிக்கி கூட்டம் இல்ல போல கீது?"

"வா கெங்கம்மா. உக்காரு. தீபாவளி எல்லாம் ஆச்சா?"

"எங்க ஆச்சு? அவனுக்கும் ஒரு சட்ட எடுத்தேன். வந்தா போட்டுக்குவான்னு." பையைக் கவுன்டர்மேல் வைத்தாள். "பாரேன், நல்லாக்கீதா?"

ஷரஃபுதீன் எங்களிடம் திரும்பினார். "சிந்தாதிரிப்பேட்டை. இவங்க தம்பி தணிகாசலம், மூணு சக்கர மீன்பாடி வண்டி ஓட்டறவரு. ஜூன் மாசம் போனவரு. வாராவாரம் புதன்கெழம வந்துடுவாங்க. புதன்தான் இவங்களுக்கு வேலைக்கு லீவு."

அவர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். நான் ரோஸியின் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். திரையில் வரிசை வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சிறு சிவப்புப் பெருக்கல் குறி. கீழே எழுத்து மட்டும் இருந்தது. ஒரு படம்கூட இல்லை.

"ஃபோட்டோ எங்க?" என்றாள் ரோஸி.

"அது தெரியறதில்ல மேடம். புதுசா மாத்துனாங்கல்ல, ஆடி பொறக்கறதுக்கு மின்ன, அன்னிலேர்ந்தே இப்டித்தான். கம்ப்ளைன்ட் போட்டேன். 'தங்கள் பிரவுசரைப் புதுப்பித்துக்கொள்ளவும்'னு பதில் வந்துச்சு. எழுத்த வெச்சிக்கினு நான் படிச்சிக் காட்டுவேன்."

அந்தப் பதில் தானாகப் போவது. அந்த வாக்கியத்தை எழுதியது நான்.

"படி பாய்" என்றாள் கெங்கம்மா.

அவர் படித்தார். ஆண், வயது சுமார் முப்பது, மெரூன் பனியன். ஆண், வயது சுமார் அறுபத்தைந்து, வேட்டி. கெங்கம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றாள். ஆண், வயது சுமார் ஐம்பத்தைந்து, நீலக் கட்டம் போட்ட சட்டை.

"இது பழசு, அத வாராவாரம் படிக்கிறியே" என்றாள். "எந்தம்பிக்கு நாப்பத்திரண்டுதான். கட்டம் போட்ட சட்ட ஊர்ல ஆயிரம் பேர் போடறான். அவன் சட்டைல ரெண்டாவது பட்டன் மட்டும் செவப்பா இருக்கும் பாய், ஒனக்கு எத்தினி தபா சொல்லிகீறேன். அது அறுந்து போச்சுன்னு நாந்தான் என் நைட்டிலேர்ந்து எடுத்துத் தச்சு வுட்டேன். 'இன்னாக்கா, என்ன பொம்பள ஆக்கிட்டியே'ன்னு வண்டி மேல நின்னுக்கினு தெருவுக்கே கேக்கற மாரி கத்தினான்."

ரோஸியின் கை கவுன்டரின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"அதுல பட்டன்னு எதுவும் எழுதலம்மா" என்றார் ஷரஃபுதீன்.

"எழுதலன்னா அவன் இல்ல. வரேன் பாய். அடுத்த புதன்." பையை எடுத்துக்கொண்டாள். எங்களைப் பார்த்து, சந்தோஷமான ஒரு ரகசியத்தைச் சொல்வதுபோல், "இங்க இல்லன்னா எங்கியோ உசுரோட கீறான்னுதானே அர்த்தம்?" என்றாள்.

தாழ்வாரத்தின் கோடிவரை அவள் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்வாசலில் நின்று டீ வாங்கிக் குடித்தாள்.

ஆட்டோவில் திரும்பும்போது தேனாம்பேட்டை சிக்னலில்தான் ரோஸி வாயைத் திறந்தாள்.

"நிறம் சரியா வருதான்னு எப்படிப் பாப்பேன் தெரியுமா? எல்லாப் படத்தையும் பாக்க முடியாது. நல்ல செவப்பு எதுலயாவது இருக்கான்னு தேடி, அத மட்டும் தெனம் பாப்பேன். மூணாவது வரிசைல ரெண்டாவது படம். நீலச் சட்ட. ஒரு செவப்புப் பட்டன்."



அலுவலகத்துக்கு வந்து அவள் பையைக்கூடக் கழற்றவில்லை. பழைய கணினியைப் போட்டாள். பக்கம் திறந்தது. படங்கள் எல்லாம் இருந்தன. பிறகு அந்தப் பிரவுசர் சேமித்து வைத்திருந்ததையெல்லாம் அழித்துவிட்டு மறுபடியும் திறந்தாள். வரிசை வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள்.

நடந்தது இதுதான். முதல் வாரம் அவள் சோதித்தபோது படங்கள் பழைய வகையில் இருந்தன. கணினி அவற்றை வாங்கித் தனக்குள் வைத்துக்கொண்டது. இரண்டாவது வாரம் ஹபீபுர் எல்லாப் படங்களையும் எடை குறைந்த புது வகைக்கு மாற்றினான், பெயர்களை மாற்றவில்லை. பழைய பிரவுசருக்குப் புது வகையைக் காட்டத் தெரியாது. ஆனால் ரோஸியின் கணினி புதுப் படத்தை வாங்கவே போகவில்லை. அந்தப் பெயரில் ஏற்கெனவே தன்னிடம் இருந்த முகத்தையே தினமும் எடுத்துக் காட்டியது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே கணினி, ஒரே பிரவுசர். ஒன்று அவர்களைப் பார்த்திருந்தது. மற்றது பார்த்ததில்லை.

ஹபீபுர் அன்று கேலி செய்யவில்லை. இரண்டு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டான். பழைய பிரவுசர் கேட்டால் பழைய வகைப் படம் போகும். ரோஸி மூன்றாவது வரிசைக்கு வந்தாள். படம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது. முகம் வரும் இடத்தில் அவள் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள். கைக்குக் கீழே நீலக் கட்டம், பிறகு ஒரு சிவப்புப் பட்டன்.

எண் 417. மீதி விவரத்தை ஹபீபுர் வெளியே இருக்கும் தளத்திலிருந்து எடுத்துக் காட்டினான். கிண்டி ரயில் பாதைக்கு அருகில், ஜூன் இருபத்தேழு. வேறொரு அரசு மருத்துவமனையின் குளிர் அறையில் இருந்திருக்கிறார். ஜூலை இருபத்தைந்தாம் தேதி, உரிமை கோர யாரும் வராததால், மாநகராட்சி இடுகாட்டில் அடக்கம். இடுகாட்டு வரிசை எண்ணும் இருந்தது. கெங்கம்மா முதன்முதலாக அந்தக் கவுன்டருக்கு வந்தது ஜூலை பதினாறு. அடுத்தது இருபத்து மூன்று. அந்த இரண்டு புதன்கிழமைகளிலும் அவர் மண்ணுக்குமேல் இருந்தார்.

சுப்பராயன் கதவைச் சாத்திக்கொண்டு எங்களிடம் பேசினார். கோபமாகப் பேசவில்லை.

"சரி பண்ணியாச்சு. இனிமே தெரியும். பழைய பிரவுசர் வரியும் இருக்கட்டும், எடுக்க வேண்டாம். ஆனா ரோஸி, எழுத்துல எதுவும் போக வேண்டாம். டெண்டர் போயிடும். பதினோரு குடும்பம்."

"அந்தம்மாட்ட என்ன சொல்றது சார்?"

"நீ எதுக்குச் சொல்லணும்? அடுத்த வாரம் படம் தெரியும். அவங்களே பாத்துக்குவாங்க."

அந்த வாரம் அவள் எப்படி இருந்தாள் என்பதை நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். வேலை செய்தாள். வேறொரு தளத்துக்குச் 'சரி' எழுத வேண்டியிருந்தது; பேனாவைத் தாளில் வைத்துவிட்டுத் திரும்பவும் எழுந்துபோய் முதலிலிருந்து பார்த்தாள். ஒன்பது முறை பார்த்தாள். பழைய கணினி அணைந்திருக்கும்போதும் அதன் பக்கம் முதுகைக் காட்டி உட்காரவில்லை. நாற்காலியைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஒரு மதியம் திடீரென்று, "நான் போனப்புறம் அது உள்ள அவங்கள்லாம் இருந்திருக்காங்க, நாலு மாசமா" என்றாள். பிறகு, "ஷரஃபுதீன் சார் இன்னும் எத்தன பேருக்குப் படிச்சிக் காட்டி அனுப்பினாரோ" என்றாள். அதற்குக் கணக்கு யாரிடமும் இல்லை. வருகைப் பதிவில் அவர்கள் எல்லோரும் ஒரே ஒரு கணினி.

வெள்ளிக்கிழமை என்னிடம் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். துறைக்கு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பழைய பிரவுசரில் படங்கள் தெரியவில்லை, சோதித்துக் கையெழுத்திட்டது யார், அந்த நாட்களில் வந்து போனவர்களை முடிந்தால் திரும்ப அழைக்க வேண்டும் என்பது. இரண்டு மொழியிலும் எழுதினேன். சுப்பராயன் அதில் கையெழுத்துப் போடவில்லை. போகக் கூடாது என்று தடுக்கவும் இல்லை. ரோஸி தன் பெயரில் அனுப்பினாள்.

புதன்கிழமை நாங்கள் பத்து மணிக்கே போய்விட்டோம். ஷரஃபுதீன் திரையைப் பார்த்து, "மாஷா அல்லா, எல்லாம் வந்துடுச்சே" என்றவர், ரோஸியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் எண்ணையும், தன் கணினியில் நடந்ததையும் சொன்னாள். அவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார். "யா அல்லா. இத நான் வாராவாரம் படிச்சேனே" என்றார்.

கெங்கம்மா பதினொரு மணிக்கு வந்தாள்.

"அடே, இன்னிக்கும் வந்துகீறீங்களா?" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"உள்ள வந்து உக்காருங்கக்கா" என்றாள் ரோஸி. அலுவலகத்தில் நான் கேட்டிராத குரல் அது. வீட்டிலும் கடற்கரையிலும் பேசும் குரலாக இருக்க வேண்டும். "ஃபோட்டோ தெரியுது இப்போ. நான் காட்டறேன்."

"தெரியுதா?" கெங்கம்மா உட்காரவில்லை. ஒரு அடி பின்னால் போனாள். "எதுக்கு இப்போ தெரியணும்? நல்லாத்தானே இருந்துச்சு?"

ரோஸி காத்திருந்தாள். ஷரஃபுதீன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். கடைசியில் கெங்கம்மா உட்கார்ந்தாள். ரோஸி அந்த ஒரு படத்துக்கு நேராகப் போனாள். படத்தைக் கீழிருந்து காட்டினாள். சட்டை, பட்டன். முகம் திரைக்கு மேலே, தெரியாமல் இருந்தது.

கெங்கம்மா விரலை நீட்டித் திரையில் அந்தப் பட்டனைத் தொட்டாள். தைத்தது கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் விரலால் தேய்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை.

முந்தானையை எடுத்துவிட்டுக் கேட்டாள். "எப்போ போட்டாங்க இத?"

ஷரஃபுதீன் ரோஸியைப் பார்த்தார்.

"ஜூன் மாசக் கடசிலயே போட்டாங்கக்கா."

"நான் ஆடிலேர்ந்து வரேனே. பதினாலு புதன் வந்துகீறேன். பதினஞ்சு. புள்ளையார் சதுர்த்தி அன்னிக்கிப் பூட்டிக்கினு இருந்தாங்கோ, அன்னிக்கும் வந்தேனே."

"படம் இருந்துச்சு. இந்தக் கம்ப்யூட்டர்ல தெரியல. தெரியுதான்னு பாத்து எழுத வேண்டியது என் வேல. தெரியுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்." ரோஸி ஒரு மூச்சு விட்டாள். "என் கம்ப்யூட்டர்ல தெரிஞ்சிது."

அதை விளக்க அவள் முயலவில்லை.

கெங்கம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். ரோஸியும் அப்படி நினைத்திருக்க வேண்டும், நகராமல் நின்றாள். கெங்கம்மா அடிக்கவில்லை. "காலிப் பொட்டிய பாத்துட்டு நல்ல சேதின்னு போவேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "வெளிய போய் டீ குடிப்பேன். வாராவாரம். அவன் உசுரோட கீறான்னு டீ குடிச்சேன்."

படத்தை மேலே நகர்த்த அவள் விடவில்லை. உடையைக் காவல் நிலையத்தில் வைத்திருப்பார்கள், அதை வைத்தே உறுதி செய்துகொள்ளலாம் என்று ஷரஃபுதீன் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து நிலையத்தில் அந்தச் சட்டையை ஒரு காகித உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கெங்கம்மா கைநாட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். ரோஸி பெரிய சிலுவைக்கு அடியில் அண்ணனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை இடுகாட்டுக்கு வரும்படி கெங்கம்மா ஷரஃபுதீன் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. ரோஸி என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.

மாநகராட்சி இடுகாட்டின் பின்பகுதி அது. மழையில் மண் அமுங்கி, மேடுகள் தெரியாமல் இருந்தன. வரிசைக்கு ஒரு கல், அதில் வண்ணத்தில் எழுதிய எண். காவலாளி எண்ணிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்று, "இது. இல்லன்னா அடுத்தது" என்றார். பதிவேட்டைத் திரும்பப் பார்க்கச் சொன்னாள் ரோஸி. அவர் பார்த்துவிட்டு வந்து, "இதுதான்" என்றார். "நல்லா பாத்தீங்களா?" என்றாள். அவர் முறைத்தார். அவளே போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்தாள்.

கெங்கம்மா தூக்குவாளியில் பால் கொண்டு வந்திருந்தாள். தீபாவளிச் சட்டையும் அந்தப் பையோடு இருந்தது. அடக்கம் செய்த மறுநாள் ஊற்ற வேண்டிய பால். நூறு நாளுக்கு மேல் கழித்து ஊற்றினாள். ஈர மண்ணில் வெள்ளையாகத் தேங்கிப் பிறகு இறங்கியது. மண்ணில் உட்கார்ந்து சட்டையைப் பிரித்து விரித்துப்போட்டாள். ரோஸி வாசல் பக்கமே நின்றிருந்தாள்.

"இங்க வா" என்றாள் கெங்கம்மா.

ரோஸி போனாள்.

"நீ தெனம் பாத்தேன்னு பாய் சொன்னாரு. உன் பொட்டில அவன் இருந்தானாமே, அத்தினி நாளும். நான் பட்டன பாத்தேன். மொகத்த பாக்கல. பாக்க முடியாது என்னால." தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள். "நீ சொல்லு. மொகம் எப்டி இருந்துச்சு? வலில இருந்த மாரியா? தூங்கற மாரியா?"

ரோஸி வாயைத் திறந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குவதுபோல் இருந்தது என்று சொல்லிவிட்டால் போதும். யாரும் அதைத்தான் சொல்வார்கள். நானே சொல்லிவிடலாமா என்று இருந்தது.

"தெரியாதுக்கா" என்றாள் ரோஸி. "நானும் பட்டனத்தான் பாத்தேன்."

கெங்கம்மா உட்கார்ந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தாள். காவலாளி வேறு யாருக்கோ வழிகாட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். பிறகு கெங்கம்மா காலி தூக்கை ரோஸியின் கையில் கொடுத்தாள். இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி எழுந்தாள். தூக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"போய்ப் பாரு" என்றாள். "பாத்துட்டு வந்து சொல்லு. பொய் சொல்லாத."

மறுநாள் காலை ரோஸி ஒன்பதே முக்காலுக்கு வந்தாள். பழைய கணினியைப் போட்டு, அதில் இருந்ததையெல்லாம் அழித்தாள். அணைத்து மறுபடியும் போட்டாள். மூன்றாவது வரிசைக்கு நேராகப் போகவில்லை. முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள். எண் 417 வந்தபோது கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த முகம் எப்படி இருந்தது என்பதை என்னிடம் சொல்லவில்லை, நானும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். அன்றும் புதன்கிழமை.

துறையிலிருந்து அவள் கடிதத்துக்குப் பதில் டிசம்பரில் வந்தது. 'தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது' என்று ஒரு வரி. ஷரஃபுதீனின் கணினியை இன்னும் மாற்றவில்லை. காலை பத்து இருபதுக்கு அது வருகைப் பதிவில் வரும். ரோஸி அதற்குள் எல்லா முகங்களையும் பார்த்து முடித்திருப்பாள்.